ஒரு மாதத்துக்கென்று அனுப்பிய பிள்ளை

என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. தரம் ஆறில் படித்துக்கொண்டிருந்தாள். பாடசாலையில் பெண் சாரணியருக்கு இரண்டு இரவு முகாம் ஒன்று ஒழுங்குசெய்திருந்தார்கள். பெற்றோர் கையொப்பமிட வேண்டிய படிவத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். நான் கையொப்பமிடவில்லை.

"எல்லாரும் போகினம் அம்மா. நான் மட்டும் ஏன் போகக் கூடாது?" என்று கேட்டாள். நுளம்பு என்றேன், மழை என்றேன், படிப்பு என்றேன். அவள் அழுதுகொண்டு அறைக்குள் போய்விட்டாள். மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த என் அம்மா, "ரெண்டு இரவுதானே பிள்ளை, விடன். ரீச்சர்மார் நிப்பினம்தானே" என்றார்.

அப்போது என் வாயிலிருந்து வந்த வார்த்தையை நான் யோசித்துச் சொல்லவில்லை. "நீங்கள் என்னை அனுப்பினது போல நான் என்ர பிள்ளையை அனுப்ப மாட்டன்" என்றேன். அம்மா கத்தியைக் கீழே வைத்தார். ஒன்றும் பேசவில்லை. முப்பத்து நான்கு வருடங்களாக எங்கள் இருவருக்கும் இடையில் சொல்லப்படாமல் இருந்த பேச்சு அது.

சகோதரிகளே, அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுகொள்ள எனக்கு ஒரு ஒப்படை உதவியது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

நான் ஒரு ஆசிரியை. பாடசாலை உளவளத்துணை தொடர்பான டிப்ளோமா பாடநெறியொன்றை வார இறுதிகளில் பயின்று வந்தேன். "பிராய்டுக்குப் பின்வந்த உளப்பகுப்பாய்வாளர்கள் ஆளுமை விருத்தியை எவ்வாறு விளக்கினர்?" என்பது எனக்குக் கிடைத்த ஒப்படைத் தலைப்பு. பெயர்களையும் ஆண்டுகளையும் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் புத்தகங்களைத் திறந்தேன். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

1990 ஆம் ஆண்டு நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டது. அப்போது நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தோம். எனக்கு ஏழு வயது, தம்பிக்கு ஒரு வயது. கொழும்பில் இருந்த பெரியம்மாவிடம் என்னை அனுப்பினார்கள். "ஒரு மாதம்தான்" என்றார் அம்மா. அம்மாவை நான் மறுபடி கண்டது 1997 இல். அவர் கப்பலேறித் திருகோணமலை வந்து, அங்கிருந்து கொழும்புக்கு வந்தார். பதினான்கு வயதுப் பெண்ணாகிய நான் பெரியம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

முடிசூடா இளவரசி

சிக்மண்ட் பிராய்ட் (1856 - 1939) மனித ஆளுமையின் அத்திவாரம் வாழ்வின் முதல் ஐந்தாறு ஆண்டுகளிலேயே இடப்பட்டுவிடுகின்றது என்றார். பிறப்போடு வரும் உந்தல்களுக்கும் அவற்றைத் தடுக்கும் கட்டுப்பாடுகளுக்கும் இடையிலான போராட்டமே ஆளுமை என்பது அவரது கருத்து. அவருக்குப் பின்வந்தவர்கள் குழந்தைப் பருவத்தின் முக்கியத்துவத்தை மறுக்கவில்லை. ஆனால் உந்தல்களுக்குக் கொடுத்த இடத்தை உறவுகளுக்குக் கொடுத்தார்கள். குழந்தை யாரோடு வாழ்கின்றது, வீட்டில் அதற்கு என்ன இடம், சமூகம் அதை எப்படிப் பார்க்கின்றது என்று கேட்டார்கள்.

முதலில் பிரிந்து சென்றவர்களில் ஒருவர் வியன்னா வைத்தியரான அல்பிரட் அட்லர். 1870 இல் பிறந்த இவர் ஏழு பிள்ளைகளில் இரண்டாமவர். சிறுவயதில் என்புருக்கி நோயால் நடக்கச் சிரமப்பட்டவர். அருகில் படுத்திருந்த தம்பி இறந்துபோனதைக் கண்டவர். தாமும் நிமோனியாக் காய்ச்சலில் சாவின் விளிம்புவரை சென்று மீண்டவர். பிள்ளை ஒவ்வொன்றும் தன் சிறுமையை உணர்ந்தே வளர்கின்றது, அந்தத் தாழ்வுணர்வை ஈடுசெய்ய எடுக்கும் முயற்சியே ஆளுமைக்கு வடிவம் கொடுக்கின்றது என்று அவர் சொன்னதற்கு அவரது வாழ்க்கையே சாட்சி எனலாம். 1911 இல் அவர் பிராய்டின் வட்டத்தை விட்டு விலகினார். முதலாம் உலகப் போரின் பின்னர் வியன்னாவில் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் வழிகாட்டும் சிறுவர் நிலையங்களை உருவாக்கினார்.

தம்பி தங்கை பிறந்தவுடன் மூத்த பிள்ளை தன் சிம்மாசனத்திலிருந்து இறக்கப்பட்டது போல உணர்கின்றது என்பது அட்லரின் புகழ்பெற்ற கருத்து. இதை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டேன். தம்பி பிறந்து ஒரு வருடத்தில் நான் அனுப்பப்பட்டேன். அவன் அம்மாவின் இடுப்பில் இருந்தான். நான் லொறியில் இருந்தேன். போர் என்றால் என்ன என்று ஏழு வயதுக்குப் பாதி விளங்கும். ஆனால் இரண்டு பிள்ளைகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிட்டார்கள் என்பது முழுவதும் விளங்கும்.

நல்ல பிள்ளை

பெரியம்மா நல்லவர். ஒரு நாளும் என்னை வேறாகப் பார்த்ததில்லை. ஆனால் நான் என்னை வேறாகப் பார்த்தேன். சாப்பிட்ட கோப்பையை யாரும் சொல்லாமலே கழுவி வைப்பேன். இரண்டாம் முறை சோறு கேட்க மாட்டேன். பெரியம்மாவின் பிள்ளைகள் கொப்பி கிழித்தாலும் நான் கிழிக்க மாட்டேன். "இவளைப் போல ஒரு பிள்ளை கிடையாது" என்று வருபவர்களிடமெல்லாம் பெரியம்மா பெருமையாகச் சொல்வார்.

இந்த நல்ல பிள்ளையை எனக்கு அடையாளம் காட்டியவர் கரென் ஹோர்ணி என்னும் பெண் வைத்தியர். 1885 இல் ஜேர்மனியில் ஹம்பேர்க் நகருக்கு அருகில் பிறந்தவர். தந்தை கப்பல் கப்டன், மிகவும் கண்டிப்பானவர். தன்னைவிட அண்ணனையே வீட்டில் மேலாகக் கருதுகின்றார்கள் என்ற மனக்குறையோடு வளர்ந்தவர் ஹோர்ணி. ஜேர்மனியில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. அதற்கு வழிகாட்டிய பாடன் மாநிலத்தில் பெண்கள் முறையாக அனுமதிக்கப்பட்டது 1900 ஆம் ஆண்டில்தான். அங்குள்ள பிரைபூர்க் நகரில் 1906 இல் அவர் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். மூன்று பெண் பிள்ளைகளின் தாயானார். 1932 இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்.

பெண்ணின் மனக்குறைக்கு அவளது உடலமைப்பே காரணம் என்று பிராய்ட் கூறியதை ஹோர்ணி துணிவுடன் மறுத்தார். பெண் ஏங்குவது ஆணின் உடலுக்காக அல்ல, சமூகம் ஆணுக்குக் கொடுத்திருக்கும் வாய்ப்புகளுக்காகவே என்றார். தமது புதிய கருத்துகளை 1939 இல் நூலாகவும் வெளியிட்டார். அத்தகைய கருத்துகளுக்காகவே 1941 இல் நியூயோர்க்கின் உளப்பகுப்பாய்வுச் சங்கம் அவரது பயிற்றுவிக்கும் தகுதியைப் பறித்தது. அவர் வெளியேறித் தோழர்களோடு சேர்ந்து புதிய சங்கம் ஒன்றை நிறுவினார்.

பகைமை நிறைந்ததாகத் தோன்றும் உலகில் தான் தனித்து, துணையின்றி நிற்பதாகப் பிள்ளை உணர்வதை ஹோர்ணி அடிப்படைப் பதகளிப்பு என்று அழைத்தார். அதைத் தாங்க முடியாத பிள்ளை மூன்று வழிகளில் ஒன்றைப் பற்றிக்கொள்கின்றது. ஒன்று, மற்றவர்களை நோக்கிப் போவது. பணிந்து, இணங்கி, எல்லோருக்கும் பிடித்தவளாக இருப்பது. இரண்டாவது, மற்றவர்களை எதிர்த்து நிற்பது. மூன்றாவது, எல்லோரையும் விட்டு விலகிப்போவது. சாதாரண மனிதர் மூன்றையும் நேரத்துக்கு ஏற்பக் கையாள்வர். ஒரே வழியில் சிக்கிக்கொள்வதுதான் நோய்.

நான் சிக்கிக்கொண்டது முதலாவது வழியில். கெட்ட பிள்ளையாக இருந்தால் இங்கிருந்தும் அனுப்பிவிடுவார்கள் என்ற பயமே என்னை நல்ல பிள்ளையாக்கியது. இன்றும் பாடசாலையில் யார் எந்த வேலையைத் தந்தாலும் மறுக்க எனக்கு வாய் வராது. நான் அப்படி இருக்க வேண்டும், இப்படி இருந்தே ஆக வேண்டும் என்று ஒருவர் தனக்குத் தானே இடும் கட்டளைகளை ஹோர்ணி ஒரு கொடுங்கோன்மை என்கிறார். என் கட்டளை ஒன்றுதான்: என் பிள்ளைக்கு ஒரு நாளும் தாய் இல்லாத இரவு இருக்கக் கூடாது. பதினொரு வருடங்களாக அதை நிறைவேற்றியும் வந்தேன். அது அவளுக்காகவா எனக்காகவா என்று நான் கேட்டதில்லை.

குண்டுவீச்சும் பிரிவும்

அடுத்து நான் வாசித்தது பிராய்டின் கடைசி மகளான அன்னா பிராய்டின் பணிகளைப் பற்றி. ஹிட்லரின் படைகள் ஒஸ்திரியாவுக்குள் புகுந்ததும் 1938 இல் தந்தையோடு வியன்னாவிலிருந்து இலண்டனுக்கு அகதியாக வந்தவர் அவர். 1939 செப்டெம்பரில் போர் மூண்டபோது குண்டுவீச்சுக்கு அஞ்சி, பிரித்தானிய நகரங்களிலிருந்து சில நாட்களுக்குள் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் அரைவாசிக்கும் மேற்பட்டோர் பெற்றோரைப் பிரிந்து சென்ற பாடசாலைப் பிள்ளைகள். அவ்வாண்டு டிசெம்பரில் ஜோன் போல்பி, டொனால்ட் வின்னிகொட் ஆகியோர் இன்னொரு வைத்தியரோடு சேர்ந்து பிரித்தானிய மருத்துவ சஞ்சிகைக்கு ஒரு கடிதம் எழுதினர். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரிப்பது பாரதூரமான உளப் பாதிப்பை ஏற்படுத்தலாம் என்று அதில் எச்சரித்தனர்.

அன்னா பிராய்ட் தமது தோழி டொரத்தி பேர்லிங்ஹாமுடன் இணைந்து 1941 இல் ஹாம்ஸ்ரெட் பகுதியில் சிறுவர் இல்லங்களை ஆரம்பித்தார். அங்கு அவர்கள் கண்டது பலரைத் திகைக்க வைத்தது. குண்டுவீச்சின் நடுவேயும் தாயோடு இருந்த பிள்ளைகள், தாய் பதறாதவரை, பெரும்பாலும் அமைதியாக இருந்தனர். பாதுகாப்பான இடத்தில் தாயைப் பிரிந்திருந்த பிள்ளைகளே அதிகம் கலங்கினர். எனவே தாய்மார் எந்நேரமும் வந்து பிள்ளையைப் பார்க்க அனுமதித்தனர். பிள்ளைகளைச் சிறு சிறு குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தாய் போல ஒருவரை ஒப்படைத்தனர். உடனே பொறாமையும் சண்டையும் வந்தன. ஆனால் கூடவே பேச்சும் பழக்கமும் விரைந்து வளர்ந்தன. யாரோ ஒருவர் தனக்குச் சொந்தம் என்று ஆனபின்தான் பிள்ளை வளரத் தொடங்குகின்றது.

அந்த இல்லத்தில் கொதிகலனுக்குக் கரி போடும் வேலை பார்த்த ஜேம்ஸ் ரொபேட்சன் என்பவர் பின்னர் போல்பியோடு சேர்ந்து ஆய்வாளரானார். வைத்தியசாலையில் தனியே விடப்பட்ட இரண்டு வயதுப் பிள்ளையைப் பற்றி 1952 இல் அவர் எடுத்த படம் உலகப் புகழ்பெற்றது. பிரிந்த பிள்ளை முதலில் அழுது போராடும், பின் சோர்ந்து போகும், கடைசியில் தாய் வந்தாலும் தெரியாதது போல் இருக்கும் என்று இவர்கள் விளக்கினர். மூன்றாம் நிலையைத்தான் வைத்தியசாலைகளில் "பிள்ளை பழகிவிட்டது" என்று நினைத்திருந்தார்கள்.

ஏழு வயதுப் பிள்ளை இரண்டு வயதுப் பிள்ளையல்ல என்பது எனக்குத் தெரியும். ஆயினும் 1997 இல் பெரியம்மாவின் பின்னால் போய் நின்ற அந்தப் பெண்ணை எனக்கு விளங்கியது. "பிள்ளை என்னை மறந்திட்டாள்" என்று அம்மா அன்று அழுதார். நான் மறக்கவில்லை. மறந்தது போல் இருக்கப் பழகியிருந்தேன்.

போல்பியின் கருத்துகள் எல்லாப் பாரத்தையும் தாயின் தலையில் ஏற்றிவிட்டன என்ற விமர்சனமும் உண்டு. மைக்கல் றட்டர் 1972 இல் எழுதிய நூலில், பிரிவு எல்லாம் ஒன்றல்ல, பிரிவுக்கு முன்னும் பின்னும் பிள்ளைக்குக் கிடைத்த உறவுகள் எப்படிப்பட்டவை என்பதே முக்கியம் என்று காட்டினார். தந்தையும் பாட்டியும் பெரியம்மாவும் கூடப் பிள்ளைக்குப் பற்றுக்கோடாக முடியும். இதை வாசித்தபோது, காலமாகிவிட்ட பெரியம்மாவுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். நான் இன்று ஒருவரை நம்பி வாழக் கூடியவளாக இருப்பது அவராலும்தான்.

சீலைத் துண்டு

வின்னிகொட் ஒரு குழந்தை வைத்தியர். இலண்டன் வைத்தியசாலையொன்றில் நாற்பது வருடங்கள் தாய்மாரையும் பிள்ளைகளையும் பார்த்தவர். பிபிசி வானொலியில் தாய்மாருக்காக எளிமையாகப் பேசியவர். குழந்தைகள் ஒரு துணியையோ பொம்மையையோ விடாமல் கட்டிப்பிடித்துத் தூங்குவது ஏன் என்று ஆராய்ந்தார். தாய் அருகில் இல்லாத நேரத்தைத் தாண்ட உதவும் பாலம் அது என்றார். அந்தத் துணியைத் துவைத்தால் அதன் மணம் போய்விடும், பிள்ளைக்கு அதன் பொருளே அறுந்துபோகும் என்பதையும் கவனித்து எழுதினார்.

நான் கொழும்புக்குப் போனபோது அம்மாவின் பழைய நூல் சீலைத் துண்டொன்று என்னிடம் இருந்தது. சில வாரங்களில் பெரியம்மா அதை நல்ல நோக்கத்தோடு சவர்க்காரம் போட்டுத் தோய்த்துக் காயவிட்டார். அன்றிரவு அதை முகர்ந்து பார்த்தேன். அதில் அம்மா இல்லை. நான் அழவில்லை, நல்ல பிள்ளை அல்லவா! மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன்.

மற்றவர்களுக்குப் பிடித்தவாறு நடந்து நடந்து தன் உண்மையான உணர்வை மறைத்துவிடும் பிள்ளையைப் பற்றியும் வின்னிகொட் எழுதியிருக்கின்றார். அதேபோல் தாய்மாருக்கு ஆறுதலான ஒரு வார்த்தையையும் தந்தார். குறையே இல்லாத தாய் தேவையில்லை, போதுமான அளவு நல்ல தாய் போதும் என்பதே அது. ஆரம்பத்தில் முழுமையாக ஈடுகொடுக்கும் தாய், பிள்ளை வளர வளரச் சிறிது சிறிதாகத் தவறவும் வேண்டும். அந்தச் சிறு தவறல்களில்தான் பிள்ளை தன் காலில் நிற்கப் பழகுகின்றது.

மூன்று தலைமுறை

இறுதியாக எரிக் எரிக்சன். 1902 இல் ஜேர்மனியின் பிராங்போட்டில் பிறந்தவர். தன் சொந்தத் தந்தை யாரென்று கடைசிவரை அறியாதவர். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லாமல் வியன்னாவில் அன்னா பிராய்டிடம் பயிற்சி பெற்று, 1933 இல் அமெரிக்கா சென்றவர். 1950 இல் வெளிவந்த நூலில் மனித வாழ்வை எட்டுப் படிகளாக வகுத்தார். நம்பிக்கையா நம்பிக்கையின்மையா என்பது கைக்குழந்தையின் படி. உழைத்துச் சாதிக்கும் ஊக்கமா தாழ்வுணர்வா என்பது பாடசாலைப் பிள்ளையின் படி. நடுத்தர வயதில், அடுத்த தலைமுறையை ஆளாக்குவதா தேக்கமடைவதா என்ற கேள்வி. முதுமையில், வாழ்ந்த வாழ்வை ஏற்றுக்கொள்ளும் நிறைவா விரக்தியா என்ற கேள்வி.

பிராய்ட் ஐந்தாறு வயதில் மூடிய கதவை எரிக்சன் வாழ்நாள் முழுவதற்கும் திறந்து வைத்தார். முன்னைய படியில் விடுபட்டதைப் பின்னைய படியில் சீர்செய்ய இடமுண்டு என்றார். எங்கள் சாப்பாட்டு மேசையில் அவரது படிகளில் மூன்று ஒன்றாக இருந்தன. மகள் தன்னால் முடியும் என்று காட்டத் துடித்தாள். நான் அவளை ஆளாக்குகின்றேன் என்று எண்ணிக் கட்டி வைத்திருந்தேன். அறுபத்தெட்டு வயது அம்மா ஒரு முடிவை முப்பத்து நான்கு வருடங்களாகத் தனியே சுமந்துகொண்டிருந்தார்.

ஒப்படையை முடித்த இரவு அம்மாவின் பக்கத்தில் போய் இருந்தேன். "ஏனம்மா என்னை மட்டும் அனுப்பினனீங்கள்?" என்று முதன்முதலாகக் கேட்டேன்.

அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தம்பி பால்குடி. அவனை விட்டிட்டு உன்னோட வரவும் ஏலாது, அப்பாவை விட்டிட்டு வரவும் ஏலாது. பங்கருக்குள்ள நீ நடுங்கிற நடுக்கத்தைப் பாக்க ஏலாமல்தான் அக்காவோட அனுப்பினனான். ஒரு மாசமெண்டுதான் நினைச்சன். நீ போனாப் பிறகு உன்ர சட்டையொண்டைத் தோய்க்காமல் வைச்சிருந்தனான் பிள்ளை."

நான் அம்மாவின் மடியில் தலை வைத்தேன். அம்மா செய்தது சரியா பிழையா என்று எந்தப் புத்தகமும் தீர்ப்புச் சொல்லவில்லை. குண்டு விழும் ஊரில் ஒரு தாய்க்கு இருந்தவை இரண்டு வலிகள், அதில் ஒன்றை அவர் தெரிவு செய்தார். ஆனால் அனுப்பியது என்னை வேண்டாமென்று அல்ல என்பதை அவர் வாயால் கேட்க எனக்கு நாற்பத்தொரு வயதாக வேண்டியிருந்தது.

மறுநாள் காலை படிவத்தில் கையொப்பமிட்டேன். முகாமுக்குப் புறப்பட்ட மகளிடம் எங்கே போகின்றாள், எத்தனை இரவு, எந்த நேரம் நான் வந்து வாசலில் நிற்பேன் என்பதைச் சொல்லி அனுப்பினேன். என் சோல் ஒன்றைப் பைக்குள் வைக்கப் போனபோது, "அது வேண்டாம் அம்மா, என்னட்ட பெட்சீற் இருக்கு" என்றாள். அந்த இரண்டு இரவும் நான்தான் தூங்கவில்லை. மூன்றாம் நாள் சொன்ன நேரத்துக்கு முன்னரே போய் நின்றேன். அவள் சேறு படிந்த காலோடு ஓடிவந்து கட்டிப்பிடித்துவிட்டு, அடுத்த நிமிடமே தோழிகளிடம் திரும்பி ஓடினாள். அவள் திரும்பி ஓடியதுதான் எனக்கு நிம்மதியைத் தந்தது.

சகோதரிகளே, நம் நாட்டில் இப்படி அனுப்பப்பட்ட பிள்ளைகள் ஏராளம். போருக்காக, படிப்புக்காக, தாய் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனதற்காக உறவினர் வீடுகளிலும் விடுதிகளிலும் வளர்ந்தவர்கள் நம்மிடையே தாய்மாராக இருக்கின்றனர். அனுப்பியவர்களும் இருக்கின்றனர். பிள்ளையைப் பிரிய நேர்ந்தால் உண்மையான காரணத்தை அதன் வயதுக்கு விளங்கும்படி சொல்லுங்கள். அதன் பழைய துணியைத் தோய்க்காமல் கொடுத்து அனுப்புங்கள். அங்கே அதற்கென்று ஒருவர் இருக்கின்றாரா என்று பாருங்கள். ஏற்கெனவே பிரிந்து வளர்ந்தவர்கள் கேட்க வேண்டியதை, அம்மா இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.